கழுவி ஊற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

காளமேகத்தின் பெயரில் வழங்கும் இந்த வெண்பாவில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. சத்திரக்காரன் கஞ்சன் என்றோ, சமையல்காரன் சோம்பேறி என்றோ புலவர் சொல்லவில்லை. நேரத்தைக் குறித்திருக்கிறார், அவ்வளவுதான். பொழுது அடையும்போது அரிசி வருகிறது. அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் தூங்கிவிட்டது. இலையில் சோறு விழும்போது விடிவெள்ளி முளைக்கிறது. மாலை ஆறு மணியிலிருந்து விடிகாலை நாலு மணி வரை, மூன்று இடத்தில் கடிகாரம் பார்த்திருக்கிறார். 'ஓரகப்பை' என்று அளவையும் சொல்லிவிட்டார். பத்து மணி நேரத்துக்கு ஒரு கரண்டி! அதற்கு மேல் அந்தச் சத்திரத்தைத் திட்டுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

படமோ நாடகமோ நாவலோ, எதையாவது கழுவி ஊற்ற உட்காருகிறவர்கள் இந்த நாலு வரியை மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளலாம். காரம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் இருக்கிறது. கோபத்திலிருந்து வரவில்லை. நேரம், அளவு, வரிசை இந்த மூன்றும் பிசகாமல் குறிக்கப்பட்டிருப்பதிலிருந்து வருகிறது. இன்னொன்றும் உண்டு. தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. ஆகவே அடி கடைசிச் சொல்லில்தான் விழ வேண்டும். 'வெள்ளி எழும்' என்பதற்குப் பிறகு காளமேகம் ஒரு அசைகூடச் சேர்க்கவில்லை. நம் ஆட்கள் நல்ல குத்து ஒன்றை வைத்துவிட்டு, புரியாதோ என்று பயந்து அடுத்த வரியில் அதை விளக்குவார்கள். அங்கேயே குத்து செத்துவிடும்.

தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை, அதாவது பழித்துப் பாடும் பாட்டை, இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம். அதற்கு வசை என்றும் பெயர். மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். இரண்டாவதற்கு ஔவையின் புறநானூற்றுப் பாட்டைவிட (95) நல்ல உதாரணம் கிடையாது. தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து, இவையெல்லாம் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். பாராட்டு முழுவதும் தொண்டைமானுக்கு. அடியும் அவனுக்கே. 'ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம்போல் இருக்கிறது' என்று இன்றைக்கு ஒரு விமர்சகர் எழுதினால், படத்தில் எதுவும் அசையவில்லை என்று படிக்கத் தெரிந்தவர்கள் ஔவையின் பேரப்பிள்ளைகள்.

இந்தக் கலைக்குக் குமரி மாவட்டமும் அதை ஒட்டிய திருவனந்தபுரமும் நல்ல வளமான மண். 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவனந்தபுரத்தோடு ஒரே மாநிலத்தில் இருந்தவை. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் மலையாளப் படம் டப்பிங் இல்லாமலே ஓடும். பார்க்கிறவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஆகவே இரண்டு மொழிப் படங்களும் ஒரே தராசில் ஏறுகின்றன. இரண்டு மொழியின் கேலியும் ஒரே வாயில் புழங்குகிறது. சலிக்க வைக்கிறவனைத் தமிழில் பிளேடு என்கிறோம், அறுவை என்கிறோம். மலையாளத்தில் அவன் கத்தி. சலிப்பைச் சொல்ல இரண்டு பக்கமும் வெட்டும் கருவியைத்தான் எடுத்திருக்கிறார்கள். தியேட்டரில் கூட்டமாக ஊளையிடுவதற்கு மலையாளத்தில் கூவல் என்று பெயர். கூவல் ஒரு தீர்ப்பு; அதில் காரணம் இருக்காது. விமர்சகர் வேலை அந்தக் கூவலுக்குக் காரணம் எழுதுவது.

கேரளத்தில் இதற்கு மேடை மரபே இருக்கிறது. ஒருவரே மேடையில் நின்று கதை சொல்லி நடிக்கும் சாக்கியார் கூத்தில் விதூஷகனாக, அதாவது கோமாளியாக, வருகிறவர் கதை சொல்லிக்கொண்டே எதிரே உட்கார்ந்திருக்கும் யாரையும், அரசனையும்கூட, இழுத்து வைத்துக் கேலி செய்யலாம். கேட்கிறவர் வாய் திறக்கக் கூடாது. அம்பலப்புழையில் அந்தக் கூத்துக்கு மிழாவு என்ற குடமுரசு வாசிக்கும்போது கண்ணயர்ந்துவிட்ட குஞ்சன் நம்பியாரைச் சாக்கியார் அப்படி வாரிவிட்டார் என்றும், நம்பியார் அதற்குப் பதிலாக மறுநாளே துள்ளல் என்ற புது ஆட்டத்தைக் கட்டி மேடையேற்றிக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, மோசமான விமர்சனத்துக்குக் கலைஞன் தரக்கூடிய ஒரே பயனுள்ள பதில் அதுதான்.

தமிழ்ப் பக்கத்தில் தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) தன் ஊர் வழக்கத்தையே எடுத்துக் கிழித்தவர். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிச் சொத்துரிமையைத் தாக்க அவர் கட்டுரை எழுதவில்லை, 'மான்மியம்' எழுதினார். மான்மியம் என்பது தலத்தின் பெருமை பாடும் புராண வகை. மாமன் சொத்து சகோதரி மகனான மருமகனுக்குப் போய், பெண்டாட்டி பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும் கதையை அந்தப் பக்திச் சட்டத்துக்குள் வைத்தவுடனே பாதிக் கேலி முடிந்துவிட்டது. மீதியைக் குடும்பத்துக்குள்ளிருந்து பேசும் ஒரு பெண்ணின் வாயால், வீட்டுச் சாமான், வயல், வழக்குச் செலவு என்று விவரமாகச் சொல்ல வைத்தார். அந்த வழக்கத்தை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926இல் திருவிதாங்கூரில் வந்ததற்குப் பின்னால் இருந்த மனநிலையில் இந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு என்று சொல்வார்கள்.

புதுமைப்பித்தன் 1948இல் திருவனந்தபுரத்தில்தான் இறந்தார். பிறமொழிக் கதையைத் தழுவி எழுதுவது பற்றிக் கல்கியோடு சண்டை போட்டபோது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ரசமட்டம். கொத்தனார் சுவர் மேல் வைத்துப் பார்க்கிற அந்தக் கருவி கத்தாது, கை ஓங்காது. உள்ளே இருக்கும் குமிழி ஒரு பக்கம் ஒதுங்கும். சுவர் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். விமர்சகனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தமிழில் இதுவரை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. மலையாளப் பேராசிரியர் எம். கிருஷ்ணன் நாயர் திருவனந்தபுரத்திலிருந்து 1969 முதல் 2006இல் இறக்கும் வரை வாரா வாரம் 'சாகித்ய வாரபலம்' எழுதினார். வாரபலம் என்றால் வார ராசிபலன். அந்த வாரம் பத்திரிகைகளில் வந்த கதை கவிதைகளுக்கெல்லாம் பலன் சொல்வார், பெரும்பாலும் சனிதிசை. கேரளத்தில் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் அந்தப் பக்கத்தைத் திட்டிக்கொண்டே முதலில் புரட்டினார்கள். அவர் பலம் வசையில் இல்லை. உலக இலக்கியத்தை ஓயாமல் படித்துக்கொண்டிருந்தவர் என்பதால், உள்ளூர்க் கதையைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட அவரிடம் எப்போதும் வேறொன்று இருந்தது.

சரி, இரண்டு மொழியும் தெரிந்த இந்த எல்லைக்காரர்கள் ஒரு படத்தில் எந்தத் தப்பைப் பிடிக்கிறார்கள்?

முதலில் பேச்சை. தமிழ்ப் படத்தில் மலையாளி வந்தால் 'ஞான்' என்பார், 'சேச்சி' என்பார், வாக்கியக் கடைசியில் 'ஆணோ' ஒட்டுவார். நடுவில் இருப்பதெல்லாம் வடபழனித் தமிழ். தமிழ் பேசும் மலையாளி இந்த இடத்தில் தடுக்கி விழுவதே இல்லை. 'நான்' என்று சொல்ல அவர் இரண்டாவது நாளே பழகிவிடுவார். அவர் தடுக்குவது வினைமுற்றில். மலையாள வினைக்கு ஆண், பெண், ஒருமை, பன்மை விகுதி கிடையாது. ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு, எல்லாம் ஒன்றுதான். தமிழுக்கு வரும்போது வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார்கள் என்று நாலு வால் ஒட்ட வேண்டும். வால் மாறிப் போகும், அல்லது வாலே இல்லாமல் 'அம்மா நேத்து வந்து' என்று நிற்கும். வசனகர்த்தா அந்த ஒரு பிழையை மட்டும் சரியாக எழுதினால் 'ஞான்' தேவையே இல்லை. இதை எடுத்துக் காட்டுகிற விமர்சனம் நாலு வரியில் படத்தின் மொத்த ஆராய்ச்சியையும் எடைபோட்டுவிடும். 'மலையாளம் சரியில்லை' என்று எழுதுகிற விமர்சனம் எதையும் எடைபோடவில்லை.

டப்பிங் படத்திலும் இதே விகுதிதான் வில்லன். மலையாளத்தில் 'வந்நு' என்றால் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் வந்தானா, வந்தாரா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தவறாகத் தேர்ந்தால் மருமகள் மாமனாரை 'வந்தான்' என்பாள். அமைதியான குடும்பப் படம் அந்த நொடியில் தெருச்சண்டையாகிவிடும். மேலும் தமிழ் வினை நீளம். வாயசைவு முடிந்த பிறகும் 'வந்தார்கள்' என்பதன் 'கள்' மிச்சம் இருக்கும். அதைத் திணிக்க வசனம் வேகமாகப் போகும். நடிகர் படபடப்பாக நடித்ததாகப் பார்க்கிறவர் நினைப்பார். பாவம், அவர் மலையாளத்தில் நிதானமாகத்தான் பேசினார். ஆகவே குரல் சரியில்லை என்று எழுதுமுன் உதட்டைப் பார்க்க வேண்டும். ப, ம இரண்டுக்கும் உதடு மூடியாக வேண்டும். மூடிய உதட்டுக்கு அந்த ஒலி வரவில்லை என்றால் குற்றம் டப்பிங் ஸ்டுடியோவுக்கு, நடிகருக்கு இல்லை.

நாகர்கோவில் பேச்சு என்று படத்தில் வருவதும் ஒரு தமாஷ். திருநெல்வேலி 'ஏலே'யை எடுத்து வாக்கியத்துக்கு இரண்டு வீதம் தூவிவிட்டு, மாவட்டம் தாண்டியாச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் 'மக்கா' எங்கே வரும், 'வே' யாரிடம் வரும், 'ஓய்' எந்த வயதுக்கு, 'சவத்தைத் தள்ளு' என்று சொல்வது கோபமா சலிப்பா என்று ஒரு கணக்கு இருக்கிறது. 'மக்கா'வைப் பாட்டி பேரனிடமும் சொல்வாள், நண்பன் நண்பனிடமும் சொல்வான். வில்லன் நாயகனைப் பார்த்துச் சொன்னால் கடைசி வரிசை வரை சிரிப்பு பரவும். தோவாளைப் பேச்சும் விளவங்கோட்டுப் பேச்சும் ஒன்றில்லை. தக்கலை தாண்டினால் காற்றே மாறிவிடும்.

அடுத்தது தொழில். ரப்பர் தோட்டம் படத்தில் வந்தால் நாயகி உச்சி வெயிலில் பால் வெட்டுவாள், ஒளிப்பதிவாளருக்கு இலைகளுக்கிடையே வெயில் கீற்று வேண்டுமே. குலசேகரம் பக்கம் பால்வெட்டு விடியுமுன்னே தொடங்குகிற வேலை. குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருந்து பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏற ஏற ஒழுக்கு குறைந்து, வெட்டு வாயிலேயே பால் உறைந்துவிடும். பத்து மணிக்கெல்லாம் வாளியோடு பால் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். உச்சியில் தோட்டத்தில் கத்தியோடு நிற்கிறவள் வேலைக்காரி இல்லை, நடிகை.

சேலையையும் விட முடியாது. ஜரிகைக் கரை போட்ட வெள்ளைக் கசவுச் சேலை ஓணத்துக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் உடுத்துவது. தமிழ்ப் படத்துக் கேரளத்தில் அதைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கிறார்கள். நாயகன் களியக்காவிளை தாண்டியதும் அடுத்த ஷாட்டில் படகுவீடு வரும். களியக்காவிளையிலிருந்து ஆலப்புழை 170, 180 கிலோமீட்டர். பைக்கில் போனவர் முகத்தில் ஒரு தூசி இருக்காது. மலையாளப் படங்களும் சளைத்தவை இல்லை. அங்கே தமிழன் வந்தால் வட்டிக்காரர், லாரிக்காரர், அரிவாள்காரர் இந்த மூவரில் ஒருவர். 'அண்ணாச்சி' என்று யார் யாரையோ கூப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தப்பு செய்வதால் எல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி: யாரைக் கேலி செய்தாலும் பட்சபாதம் என்று சொல்ல முடியாது.

இப்போது எழுதுவது எப்படி என்று கிட்டத்திலிருந்து பார்ப்போம். கற்பனையாக ஒரு படம். சென்னையிலிருந்து களியக்காவிளைக்கு மாற்றலாகி வரும் போலீஸ் அதிகாரி, ரேஷன் அரிசிக் கடத்தல், எதிரே கேரளத்து முதலாளி, நடுவில் ரப்பர் தோட்டத்துப் பெண். விமர்சனத்தின் முதல் வரைவு அநேகமாக இப்படி வரும்:

'இயக்குநருக்குக் கதை சொல்லத் தெரியவில்லை. நாயகன் நடிப்பு மரக்கட்டை. நாயகி வந்து போகிறார். இசை இரைச்சல். தலைவலி மாத்திரை எடுத்துச் செல்லவும்.'

இதில் எந்த வாக்கியம் இந்தப் படத்தைப் பற்றியது? படத்தின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால், வருஷத்தின் 52 வெள்ளிக்கிழமையில் எந்த வெள்ளிக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அப்படிப் பொருந்துகிற வரியைத் தயங்காமல் அடிக்க வேண்டும். தலைவலி மாத்திரை நகைச்சுவைக்கு அந்தப் படத்தின் இயக்குநரைவிட வயது அதிகம். ஒரு படம் பழைய சரக்கு என்று சொல்ல வருகிறவர் பழைய சரக்கில் சொல்லக் கூடாது.

அடித்தது போக மிஞ்சியதை எண்ணிக்கையாக மாற்ற வேண்டும். 'நாயகி வந்து போகிறார்' என்பதை எடுத்துக்கொள்வோம். எத்தனை தடவை வந்தார்?

'இடைவேளை வரை நாயகிக்கு நாலு காட்சி. முதலாவதில் உச்சி வெயிலில் பால் வெட்டுகிறார். இரண்டாவதில் கசவுச் சேலையோடு வாளி சுமக்கிறார். மூன்றாவதில் காதலிக்கிறார். நாலாவதில் கடத்தப்படுகிறார். ஊரில் உள்ளவர்கள்போல் விடியுமுன் வேலைக்குப் போயிருந்தால் இவர் நாயகனைச் சந்தித்தே இருக்க மாட்டார்.'

பாத்திரத்துக்கு வேலை இல்லை, ஆராய்ச்சி இல்லை, காதலுக்குக் காரணம் இல்லை என்ற மூன்று குற்றச்சாட்டும் இதில் இருக்கிறது. நடிகையைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஏனென்றால் குற்றம் அவருடையதில்லை. அடுத்து கதையின் மூலைக்கல். படத்தில் நாயகன் வணிகவரிச் சோதனைச் சாவடியில் லஞ்சத்தை ஒழிக்கிறார். கதை 2022இல் நடப்பதாகத் திரையில் எழுத்து போடுகிறார்கள். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையில் மாநில எல்லை வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. மற்றத் துறைச் சாவடிகள்தான் இருக்கின்றன. ஆகவே:

'ஐந்து வருஷமாக இல்லாத அலுவலகத்தில் லஞ்சத்தை ஒழித்துக் காட்டிய முதல் அதிகாரி இவர்தான்.'

இது தியேட்டரிலிருந்து வந்த நகைச்சுவை இல்லை. தேதியைச் சரிபார்த்ததால் கிடைத்தது. நல்ல குத்துகளில் பாதி இப்படிச் சரிபார்க்கும்போது தானாக விழுபவை. சரிபார்க்காமல் எழுதினால் நிலைமை தலைகீழாகும்: படம் சொன்னது சரியாக இருந்து விமர்சகர் தப்பாக இருந்துவிட்டால், மற்ற பத்து நியாயமான வரியும் அதோடு போய்விடும். அரங்கில் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, காட்சிக்கு ஒரு வரி, படம் தொடங்கி எத்தனையாவது நிமிடம், இடைவேளை எப்போது, பாட்டு எத்தனை என்று குறித்துவருவது இதற்காகத்தான். இருட்டில் எழுதுவதால் பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். செல்போன் வெளிச்சத்தில் எழுதினால் பின் சீட்டிலிருந்து உங்களுக்கே விமர்சனம் வரும். வசனத்தை மேற்கோளாகப் போடுவதென்றால் இன்னொரு தடவை கேட்டே ஆக வேண்டும். நினைவு எப்போதும் வசனத்தைச் செப்பனிட்டுக் கொடுக்கும். மோசமான வசனம் நினைவில் கொஞ்சம் நன்றாகிவிடும், கேலி வீணாகிவிடும்.

800 சொல் விமர்சனத்தில் மூன்று குத்து போதும். நாலாவதிலிருந்து வாசகர் படத்தை விட்டுவிட்டு எழுதுகிறவரைப் பார்க்கத் தொடங்குவார். ஒரு குற்றத்துக்கு ஓர் அடி. அதே குற்றத்தை மறுபடி அடித்தால் அடிபட்டவர் மேல் இரக்கம் வந்துவிடும். நன்றாக இருப்பதையும் அதே கூர்மையோடு சொல்ல வேண்டும்; 'ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பது பாராட்டே இல்லை, ஃபேன் காற்றும் குளிர்ச்சிதான். எந்தக் காட்சி, எந்த நேரத்து வெளிச்சம், ஏன் அங்கே அது வேலை செய்கிறது என்று சொன்னால்தான் அடுத்து வரும் அடிக்கு நம்பிக்கை கிடைக்கும்.

உடல், நிறம், சாதி, வயது இவற்றில் கை வைக்கிற கேலி மிகவும் சுலபம், அதனாலேயே மலிவு. பயிற்சி எதுவும் வேண்டாம், கண் இருந்தால் போதும். இன்னொரு சறுக்கல் இலக்கைத் தேர்வதில். ஐந்து லட்சம் பேர் பார்க்கப் போகிற பெரும்படத்தை அடிக்கும் கட்டையை எடுத்து, நாலு நண்பர்கள் சேர்ந்து எடுத்த முதல் படத்தை அடிப்பது வீரமில்லை. அதற்கு ரசமட்டம் போதும்.

கச்சேரி, ஆட்டம் பற்றி எழுதுவது வேறு கஷ்டம். படத்தைத் திரும்பப் பார்க்கலாம். நேற்றைய கச்சேரி போனது போனதுதான். கல்கி ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதியபோதும், பின்னால் சுப்புடு (1917–2007) எழுதியபோதும் வாசகர்கள் நம்பியது அவர்கள் காதை. சுப்புடு ஹார்மோனியம் வாசிப்பவர். சுருதி எங்கே நழுவியது என்று அவர் விரலுக்குத் தெரியும். தொழில்நுட்பம் தெரியாதவர் அவர் பாணியை மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் வாள் இருக்கும், சண்டை தெரியாது. குமரிக் கிராமங்களில் கொடைவிழா வில்லுப்பாட்டுக்கு இதைவிடக் கடுமையான அளவுகோல் உண்டு. கதை உரிய கட்டத்துக்கு வரும்போது சாமியாடிக்குச் சாமி ஏற வேண்டும். குடமும் உடுக்கையும் உச்சத்துக்குப் போயும் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அந்தக் குழுவைப் பற்றி யாரும் எதுவும் எழுத வேண்டியதில்லை.

நூல் விமர்சனத்தில் மேற்கோள்தான் ஆயுதம். மோசமான உரைநடையைப் பற்றிப் பத்து வரி எழுதுவதைவிட, நடுவிலிருந்து இரண்டு வரியை அப்படியே எடுத்துவைத்துவிட்டு ஒதுங்கிவிடுவது மேல். ஆனால் இடம் பார்த்து எடுக்க வேண்டும். பாத்திரம் அசடாகப் பேசுவதை ஆசிரியரின் அசடாகக் காட்டுவது மோசடி. பதிப்புரிமைச் சட்டம் (1957) 52ஆம் பிரிவில் விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்தாள அனுமதிக்கிறது. அது விமர்சகருக்குக் கிடைத்த சீட்டு, முழு அத்தியாயத்தையும் தூக்கிக்கொண்டு போகிற லாரி இல்லை.

சட்டம் என்றதும் அவதூறு ஞாபகம் வரும். வேடிக்கை என்னவென்றால், விமர்சனக் கலைக்கு இந்தியாவில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான பாடம் 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. 499ஆம் பிரிவின் ஆறாவது விதிவிலக்கு. இப்போது 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவுக்குள் வந்திருக்கிறது. புத்தகம் வெளியிட்டவர், மேடையில் பேசியவர், நடித்தவர், பாடியவர் எல்லோரும் தங்கள் படைப்பைப் பொதுமக்கள் தீர்ப்புக்கு வைத்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு அதைப் பற்றிச் சொல்லும் கருத்து அவதூறாகாது என்கிறது. கூடவே உதாரணம் தருகிறது. 'இவருடைய புத்தகம் அசட்டுத்தனமானது. ஆகவே இவர் பலவீனமான மனிதராகத்தான் இருக்க வேண்டும்' என்று எழுதினால் பாதுகாப்பு உண்டு. 'இவர் புத்தகம் அசட்டுத்தனமாக இருப்பதில் ஆச்சரியமில்லை, ஆள் பலவீனமானவர்தானே' என்று எழுதினால் பாதுகாப்பு இல்லை. இரண்டிலும் ஏறக்குறைய அதே சொற்கள். முதலாவது படைப்பிலிருந்து ஆளை நோக்கிப் போகிறது, இரண்டாவது ஆளிலிருந்து படைப்பை நோக்கி வருகிறது. இன்றைய யூடியூப் விமர்சனங்களில் எது எந்தத் திசையில் போகிறது என்று பத்து நிமிடம் கவனித்தால் போதும், சட்டம் எழுதியவர்களின் காது எப்படிப்பட்டது என்று புரியும்.

தயாரிப்பாளர்களின் கவலை வேறு: முதல் மூன்று நாள் வசூலை விமர்சனம் கெடுத்துவிடும் என்பது. கேரள உயர்நீதிமன்றத்தில் 2023இல் இது வழக்காகப் போனது. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்டவர், படம் வெளியாகி 48 மணி நேரம் வரை வலைப் பதிவர்கள் விமர்சனத்தைத் தவிர்க்கலாம் என்று 2024இல் யோசனை சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்த் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டபோது சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. காசு வாங்கித் திட்டுவதும் காசு வாங்கிப் புகழ்வதும் ஒரே தொழிலின் இரண்டு கவுண்டர்கள். அந்தப் பிரச்சினை உண்மையானது. ஆனால் 48 மணி நேரம் காத்திருந்தால் களியக்காவிளைக்கும் ஆலப்புழைக்கும் நடுவிலுள்ள தூரம் குறையாது.

தடை கிடைக்காதபோது இன்னொரு வழி இருக்கிறது, அதுவும் பழையது. 'இரண்டரை மணி நேரத்தில் அற்புதமான ஒரே விஷயம் இடைவேளை' என்று எழுதினால் மறுநாள் போஸ்டரில் 'அற்புதமான...' என்று வரும். மூன்று புள்ளியில் மீதி அடங்கிவிடும். காத்தான் சத்திரத்துக்காரருக்கு அந்தச் சிரமம்கூட இருக்கவில்லை. அவர் கெஞ்சியதும் காளமேகம் அதே வெண்பாவுக்கு வேறு பொருள் சொன்னார் என்கிறது கதை: ஊரெங்கும் அரிசி அருகிப்போகும் பஞ்சத்திலும் இங்கே மூட்டை வரும், உலையிலிட்டதும் ஊர்ப்பசி அடங்கும், இலையில் விழும் அன்னத்தின் வெண்மை பார்த்து வெள்ளியும் எழும். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. நாகைக்காரர்கள் எந்தப் பொருளில் படித்துச் சிரித்தார்கள் என்பதைச் சத்திரக்காரர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.